கல்யாணப் பெண்ணின் அலமாரியிலிருந்து எதை முதலில் அகற்றுவது?

வாசகர் கேள்வி | 2024 செப்டம்பர் 8, இரவு 9.40

என் தங்கைக்கு வருகிற தை மாதம் திருமணம். இணையத்தில் படித்துவிட்டு வீட்டிலிருந்த ஷாம்பு, லோஷன், ஃபேஸ்வாஷ் எல்லாவற்றின் பின்பக்கத்தையும் பார்த்தேன். மெத்தில் பாரபென், புரோப்பில் பாரபென் என்று அச்சிட்டிருந்த ஏழு பொருட்களைக் குப்பையில் போட்டுவிட்டேன். ரசாயனம் கலந்த எதுவும் உடம்புக்குக் கேடு, இயற்கைப் பொருள் எதுவும் கேடு செய்யாது என்பது என் எண்ணம். திருமணத்துக்கு இன்னும் நான்கு மாதமே இருக்கும் நிலையில், நஞ்சில்லாத அழகுப் பொருட்கள் எவை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வீர்களா?

2024 செப்டம்பர் 9, காலை 6.15

நான் திண்டுக்கல்லில் இருபத்தாறு ஆண்டுகளாக மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். சகோதரி, உங்கள் கேள்வியில் அடங்கியிருக்கும் இரண்டு எண்ணங்களையும் நான் ஏற்கவில்லை. அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அழகுப் பொருட்கள் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பாரபென் மீதான அச்சம் பெரும்பாலும் 2004இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்விலிருந்து பரவியது. மார்பகப் புற்றுக்கட்டித் திசுக்கள் 20ஐ எடுத்து, அவற்றில் பாரபென் இருப்பதாக அந்த ஆய்வு காட்டியது. நோயில்லாத திசுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பதால், புற்றுநோய்க்கு அதுதான் காரணம் என்று அந்த ஆய்வைக் கொண்டு சொல்ல முடியாது. இருந்தாலும் ஐரோப்பிய ஒன்றியம் கவனமாகவே நடந்துகொண்டது. 2014இல் ஐசோபுரோப்பில், ஐசோபியூட்டில் உள்ளிட்ட ஐந்து வகைப் பாரபென்களைத் தடை செய்தது. புரோப்பில், பியூட்டில் வகைகளின் அளவை 0.14 சதவீதமாகக் குறைத்தது. மெத்தில் பாரபெனை 0.4 சதவீதம் வரை அனுமதித்தது.

இதன் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். தண்ணீர் கலந்த எந்தக் கிரீமிலும் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளராமல் இருக்கப் பதப்படுத்தும் பொருள் ஒன்று தேவை. 'பாரபென் இல்லை' என்று பெட்டியில் போட விரும்பிய நிறுவனங்கள் பல, அதற்குப் பதிலாக மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பொருளுக்கு மாறின. அது தோலில் ஒவ்வாமையை ஏற்படுத்துவதில் பாரபெனைவிடப் பல மடங்கு மோசமானது. நோயாளிகள் பெருகவே, 2017இல் ஐரோப்பா தோலிலேயே விட்டுவிடும் கிரீம், லோஷன் வகைகளில் அதைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. ஒன்றுக்குப் பயந்து அதைவிடக் கெட்டதைப் பூசிக்கொண்ட கதை இது. நீங்கள் எறிந்த ஏழு பொருட்களுக்குப் பதிலாக வாங்கியவற்றின் பின்பக்கத்தில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

2024 செப்டம்பர் 9, காலை 6.40

ஒன்றைக் கேட்க விட்டுவிட்டேன். ஷாம்பு, லோஷன் பற்றிச் சொன்னீர்கள். முகத்துக்குத் தங்கை என்ன பூசுகிறார்? திருமணம் நிச்சயமான பெண்ணுக்கு நிறம் வர வேண்டும் என்று யாராவது ஏதாவது வாங்கிக் கொடுத்திருக்கிறார்களா? முடிக்கு என்ன சாயம், நெற்றிக்கு என்ன பொட்டு? எங்கள் மருந்துக்கடைக்குத் தோல் பாதிப்போடு வருகிறவர்களில் ஷாம்பூவினால் கெட்டவர்கள் வெகு சிலர். மற்றவர்களைக் கெடுத்தவை இந்த நான்கும்தான்.

நலங்கு மாவு வீட்டில் அரைப்பதாக இருந்தால் தாராளமாகத் தேய்த்துக் குளிக்கட்டும். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

2024 செப்டம்பர் 11, இரவு 10.05

பின்பக்க எழுத்துகளை எப்படிப் படிப்பது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். பொருட்களின் பட்டியலை விட்டுவிட்டு, முதலில் வேறு மூன்றைத் தேடுங்கள்: தயாரித்தவரின் முழு முகவரி, உற்பத்தி உரிம எண், தொகுதி எண் (பேட்ச் நம்பர்). இந்தியாவில் தயாராகும் எந்த அழகுப் பொருளிலும் இவை இருந்தாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்ததானால், இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். இவை இல்லாத பெட்டியில் அச்சிட்டிருக்கும் பொருட்பட்டியல் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதற்குப் பொறுப்பேற்க ஓர் ஆள் இல்லை என்பதே அதன் பொருள். பாரபென் இருக்கிறது என்று நேர்மையாக எழுதிய லோஷனைக் குப்பையில் போட்டுவிட்டு, எதுவுமே எழுதாத டப்பாவை அலமாரியில் வைத்திருக்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பட்டியலில் பொருட்கள் அளவு அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதப்பட்டிருக்கும். கடைசியில் வருவது மிகக் குறைவாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

2024 செப்டம்பர் 12, காலை 7.20

நேற்று எழுதியதன் கடைசிப் பகுதியைத் திருத்த வேண்டும். ஒரு வாசகர் சரியாகவே சுட்டிக்காட்டியிருக்கிறார். 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருட்களை மட்டுமே இறங்குவரிசையில் எழுத வேண்டும். 1 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருப்பவற்றை அதன் பிறகு எந்த வரிசையிலும் எழுதலாம். அதனால், குங்குமப்பூச் சாறு பட்டியலின் நடுவில் இருக்கிறது என்பதைக் கொண்டு, கடைசியில் இருக்கும் மணப்பொருளைவிட அது அதிகம் என்று நினைத்துவிடக் கூடாது. பதப்படுத்தும் பொருட்கள் பெரும்பாலும் 1 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கும். அந்த அளவே சிலருக்கு ஒவ்வாமையைக் கொடுத்துவிடும்.

2024 செப்டம்பர் 15, பிற்பகல் 3.30

'மெடிக்கலில் கிடைக்கும் கிரீம் பாதுகாப்பானதுதானே' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு என் சொந்த அனுபவத்திலிருந்துதான் பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்த இழையில் நான் எழுதுவதற்குப் பொருளில்லை.

2009 முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், பூ மார்க்கெட்டில் பூக்கட்டும் ஒரு பெண்மணி மாதந்தோறும் நான் வேலை பார்த்த கடைக்கு வந்து, படர்தாமரைக்கு என்று ஒரு ட்யூப் வாங்கிப் போவார். அதில் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. மருத்துவர் சீட்டு கேட்காமல் கொடுப்பது அப்போது எல்லாக் கடைகளிலும் வழக்கம், நானும் கொடுத்தேன். ஒரு நாள் காலையில் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு வந்தவர், வெயிலில் நிற்க முடியவில்லை என்றார். முந்தானையை விலக்கிக் காட்டியபோது கன்னம் இரண்டும் சிவந்து, தோல் வெங்காயச் சருகுபோல மெலிந்து, உள்ளே ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிவப்பு நூல்களாகத் தெரிந்தன. தாடையோரத்தில் பூனைமுடி அடர்ந்திருந்தது. படர்தாமரை எங்கே என்று கேட்டேன். அப்படி எதுவும் தனக்கு இருந்ததே இல்லை என்றும், முகம் வெளுப்பதற்காகவே பூசி வந்ததாகவும், பக்கத்துக் கடைப் பெண்கள் நான்கு பேருக்கும் தானே வாங்கிக் கொடுத்ததாகவும் சொன்னார். இரண்டு ஆண்டுகளில் நான் ஒரு முறைகூட எங்கே பூசுகிறீர்கள் என்று கேட்டதில்லை.

ஸ்டீராய்டு கிரீம் முதல் சில வாரங்களில் முகத்தைப் பளபளப்பாக்கும். அதுதான் ஆபத்து. பிறகு தோல் மெலியும், பரு வெடிக்கும், நிறுத்தினால் முகம் தீப்பிடித்ததுபோல எரியும், எரிச்சல் தாங்காமல் மறுபடியும் பூச நேரிடும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கென்றே 'ஸ்டீராய்டால் சேதமடைந்த முகம்' என்று தனிப்பெயர் வைக்கும் அளவுக்கு இது பரவியிருக்கிறது. 2018 மார்ச்சில்தான் பூசும் ஸ்டீராய்டுகள் பதினான்கை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது.

ஹைட்ரோகுயினோன் என்ற வெளுப்பு மருந்து, டிரெட்டினோயின், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு மூன்றும் கலந்த ட்யூப்களும் இதே வழியில்தான் வீடுகளுக்கு வருகின்றன. மங்குக்கு மருத்துவர் சில வாரங்களுக்கு எழுதிக் கொடுக்கும் மருந்து அது. அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் பூசுகிறவர்களை இப்போதும் திருப்பி அனுப்புகிறேன். ஹைட்ரோகுயினோனை அளவின்றிப் பூசினால், வெளுப்பதற்குப் பதிலாகத் தோல் நீலம் பாய்ந்த கருமையாக மாறி அப்படியே நின்றுவிடக்கூடும்.

2024 செப்டம்பர் 15, இரவு 9.10

'ஏன் இதை இப்போது எழுதுகிறீர்கள்' என்று கேட்டவருக்கு: அந்தப் பெண்மணியைத் தோல் மருத்துவரிடம் அனுப்பி வைத்தேன். முகம் ஓரளவு தேற ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. அதன் பிறகு அவர் எங்கள் கடைக்கு வரவில்லை.

2024 அக்டோபர் 2, காலை 8.00

மருதாணி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அரைத்த மருதாணி இலை கொடுக்கும் நிறம் லாசோன் என்ற பொருளிலிருந்து வருகிறது. முதலில் ஆரஞ்சாக இருந்து, ஓரிரு நாளில் காற்றுப் பட்டு அடர் சிவப்பாகவோ செம்பழுப்பாகவோ மாறும். தன்னந்தனியாக அது ஒருபோதும் கருப்பாகப் பிடிக்காது. அரைமணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் மருதாணிக் கூம்புக்குள் இருப்பது பெரும்பாலும் பாராஃபீனிலின்டையமின், சுருக்கமாகப் பிபிடி. தலைச்சாயத்தில் பயன்படும் பொருள் அது. தோலில் நேரடியாகத் தீட்டுவதற்கு உரியதே அல்ல. கோலம் போட்ட இடம் முழுவதும் கொப்பளித்து, மருதாணி வடிவத்திலேயே தழும்பு விழுந்த ஒரு கையை நான் பார்த்திருக்கிறேன். பாதிப்பு அத்தோடு முடிவதில்லை. ஒரு முறை உடல் பிபிடியை எதிரியாக அடையாளம் கண்டுகொண்டால் வாழ்நாள் முழுவதும் மறக்காது. இருபது வயதில் கருப்பு மருதாணி வைத்த பெண்ணுக்கு, நாற்பது வயதில் முதல் முறை தலைச்சாயம் பூசும்போது கண்ணிமை மூடிப்போகும் அளவுக்கு முகம் வீங்கலாம்.

'ஹெர்பல் ஹேர் டை' என்ற பெயரில் வரும் கருப்புத் தூள்களுக்கும் இது பொருந்தும். பெட்டியின் முகப்பில் நெல்லிக்காய், கரிசலாங்கண்ணிப் படங்கள் இருந்தாலும் பின்பக்கத்தைப் படியுங்கள். பிபிடி உள்ள சாயப் பெட்டியில், முதலில் காதுக்குப் பின்னாலோ முன்கையின் உட்புறத்திலோ சிறிது தடவிப் பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்கும். 24 மணி நேரம் என்று அதில் போட்டிருப்பார்கள். ஒவ்வாமை இரண்டாம், மூன்றாம் நாளில்கூடத் தலைகாட்டும் என்பதால் நான் மூன்று நாள் பொறுக்கச் சொல்வேன். புருவத்துக்கும் இமைக்கும் பூசக் கூடாது, பார்வை போகும் என்றும் அதில் எழுதியிருக்கும். அது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1933இல் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச்சாயம் பெண்களின் பார்வையைப் பறித்தது, ஓர் உயிரையும் குடித்தது. அங்கே 1938இல் அழகுப் பொருட்களைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கல்யாணக் கைக்கு இலை பறித்து அரையுங்கள். கடைக் கூம்புதான் வேண்டுமென்றால், கருப்பாகப் பிடிக்கும் என்று விளம்பரம் செய்வதைத் தொடாதீர்கள்.

2024 அக்டோபர் 20, மாலை 6.45

சகோதரி, தங்கை பார்லரில் வாங்கிப் பூசும் முகக் கிரீம் என்று நீங்கள் அனுப்பிய நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தப் படங்கள் எல்லோருக்கும் தெரியாது என்பதால் பார்த்ததை எழுதுகிறேன்.

உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளை டப்பா. வெள்ளி நிற ஸ்டிக்கரில் அரபியிலும் ஆங்கிலத்திலும் பெயர். மூடியைச் சுற்றி முத்திரை கிடையாது. தொகுதி எண் மட்டும் மையால் குத்தப்பட்டிருக்கிறது. தயாரித்தவர் முகவரி, இறக்குமதி செய்தவர் பெயர், பதிவு எண் எதுவுமில்லை. கிரீமின் மேல்பரப்பு, வெளிச்சம் பட்ட இடத்தில் லேசான சாம்பல் நிறமாகியிருக்கிறது. உள்ளே மடித்து வைத்த காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பயன்படுத்தவும்.

அந்த ஒரு வரி போதும், உடனே நிறுத்தச் சொல்லுங்கள். முகத்தில் பூசும் கிரீம் தங்கத்தில் படக் கூடாது என்று எழுத வேறென்ன காரணம் இருக்க முடியும்? பாதரசம் தங்கத்தோடு கூடினால் அதை வெளுக்கச் செய்துவிடும். பார்லரில் எத்தனை மாதமாக வாங்குகிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

2024 அக்டோபர் 21, காலை 5.50

ஐந்து மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். நிச்சயதார்த்த மோதிரத்தின் உள்வளையத்தில் வெள்ளைத் திட்டு விழுந்ததையும், நகைப் பத்தர் பார்த்த மாத்திரத்தில் 'பாதரசம் பட்டிருக்கிறது' என்று சொன்னதையும் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மோதிரத்தை வீட்டில் யாரும் நெருப்பில் காட்டிவிட வேண்டாம். சூடு பட்டால் பாதரசம் ஆவியாகி மூச்சோடு உள்ளே போகும்.

இப்போது செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். நாளைக்கே சிறுநீர்ப் பரிசோதனை கொடுக்கட்டும். அதில் புரதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவையும் இரத்தத்தில் பார்க்க வேண்டும். சிறுநீர் நுரைத்துப் போகிறதா, காலையில் கண்ணுக்குக் கீழேயும் மாலையில் கணுக்காலிலும் வீக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். டப்பாவையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அதைக் காட்டாவிட்டால், முகக் கிரீமையும் சிறுநீரகத்தையும் சேர்த்து நினைக்க யாருக்கும் சட்டென்று தோன்றாது.

2024 அக்டோபர் 21, இரவு 10.30

காலையில் அவசரத்தில் காரணத்தை விளக்காமல் விட்டேன்.

தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் உருவாவதற்கு டைரோசினேஸ் என்ற நொதி தேவை. பாதரசச் சேர்மங்கள் அந்த நொதியை முடக்கிவிடுவதால், சில வாரங்களில் முகம் வெளுத்ததுபோலத் தெரிகிறது. மலிவானது, வேகமானது என்பதால் கள்ளத்தனமாகத் தயாரிப்பவர்கள் இதை விடுவதில்லை. தோல் வழியாக உள்ளே போகும் பாதரசம் சிறுநீரகத்தில் தங்குகிறது.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கலில் பணிபுரியும் சிறுநீரக மருத்துவர்கள் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு நெல்-1 (NELL-1) என்ற, வழக்கமாக அரிதாகக் காணும் புரதம் சிறுநீரகத் திசுச் சோதனையில் தெரிந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பூட்டும் கிரீம் பூசியவர்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்கு நோய் தணிந்தது என்பது உங்கள் தங்கைக்கான ஆறுதல். 2023இல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடை கடையாகச் சோதனை நடத்தியது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. முகக் கிரீம் போன்றவற்றில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகள் சொல்கின்றன. பாதரசக் கழிவால் ஊரே நோயுற்ற ஜப்பானிய நகரத்தின் பெயரில் அமைந்த மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. அதுவும் இதே அளவுக்கு மேல் பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களை 2020க்குள் நிறுத்தச் சொன்னது. பெட்டியில் கலோமல், மெர்க்யூரஸ் குளோரைடு, மெர்க்யூரிக் அயோடைடு, அமோனியேட்டட் மெர்க்குரி என்ற பெயர்களில் எது இருந்தாலும் அது பாதரசமே. பெரும்பாலும் எந்தப் பெயரும் இருக்காது.

பூசியவரோடு இது நிற்பதில்லை. 2010இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் வர்ஜீனியாவிலும் சில குடும்பங்களைச் சோதித்தபோது, கிரீமைத் தொடவே தொடாத வீட்டாரின் உடலிலும் பாதரசம் கூடியிருந்தது. துண்டு, தலையணை உறை, ஒரே படுக்கை ஆகியவற்றின் வழியாகப் பரவுகிறது. உங்கள் அம்மாவும் தங்கையும் ஒரே அறையில் படுக்கிறார்கள் என்றால் அம்மாவுக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.

2024 அக்டோபர் 26, காலை 7.00

புரதம் 'இரண்டு பிளஸ்', கிரியாட்டினின் சரியான அளவில். சிறுநீரக மருத்துவரிடம் நாள் வாங்கியாயிற்று என்பதைப் படித்தேன். வீக்கம் தொடங்குவதற்கு முன்பே தெரிந்தது நல்லதாயிற்று. இங்கே சிலர் சொல்லும் பாதரச முறிவுக் கஷாயங்களைத் தயவுசெய்து யாரும் பரிந்துரைக்க வேண்டாம். மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

2024 நவம்பர் 10, பிற்பகல் 2.15

செப்டம்பர் 9ஆம் தேதி நலங்கு மாவில் பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதினேன். அதை மாற்றிக்கொள்கிறேன். இயற்கை என்றால் கேடில்லை என்ற எண்ணத்தை மறுத்து எழுதிய கையோடு நானே அதில் விழுந்திருக்கிறேன்.

நாட்டுமருந்துக் கடையில் நலங்கு மாவுக்குச் சாமான் கேட்டால் பயத்தம்பருப்பு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், கோரைக்கிழங்கு ஆகியவற்றோடு கார்போகரிசியையும் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். கார்போகரிசியில் சோரலென் இருக்கிறது. வெண்புள்ளிக்குக் கொடுக்கும் மருந்து அது. தோலில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால் நிறத்தைக் கூட்டும் என்பதற்காகத்தான் அந்த மருத்துவத்தில் சேர்க்கிறார்கள். வெண்புள்ளி இல்லாத பெண் அதைக் குழைத்து முகத்தில் அரைமணி நேரம் காயவிட்டு, பிறகு வெயிலில் போனால் தோல் வெந்து, கொப்பளம் கிளம்பி, ஆறிய பின் மாதக்கணக்கில் கருந்திட்டாக நிற்கலாம். தேய்த்து உடனே கழுவும்போது ஆபத்து குறைவு. இருந்தாலும் கல்யாணப் பெண்ணின் மாவில் கார்போகரிசியைச் சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். விட்டுவிட்டால் மணமும் குறையாது.

எலுமிச்சையும் அப்படித்தான். நம் ஊர்ச் சிறிய எலுமிச்சையின் தோலில் இதே குடும்பத்துப் பொருட்கள் இருக்கின்றன. தேன் கலந்து முகத்தில் பூசிக்கொண்டு மொட்டைமாடியில் நின்றவர்களுக்குச் சாறு வழிந்த தடத்திலேயே கருமை படிந்துவிடும். இந்த இரண்டையும் பரிந்துரைக்கும் காணொளிகள் ஏராளம்.

2024 நவம்பர் 24, இரவு 8.20

அம்மாவின் நெற்றியில் பொட்டு வைக்கும் இடம் வெளுத்திருப்பதாக எழுதியவருக்கு. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் இருக்கலாம். நிறம் உண்டாக்கும் செல்களையே அது சிலருக்கு அழித்துவிடும். பொட்டளவுக்கு வட்டமாக வெள்ளை விழுந்தால், அதை மறைக்கப் பெரிய பொட்டு வாங்கி ஒட்டுவதுதான் பலரும் செய்வது. வெள்ளையும் அதற்கேற்பப் பெரிதாகிறது. என் சித்திக்கு நாலணா அளவில் தொடங்கியது இன்று ஒரு ரூபாய் அளவில் இருக்கிறது. அரிப்போ வெளுப்போ தெரிந்த அன்றே ஸ்டிக்கரை நிறுத்தித் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எதுவும் இல்லாதவர்களும் இரவில் எடுத்துவிட்டுப் படுப்பது நல்லது.

குங்குமத்துக்கு மாறலாமா என்றால், எந்தக் குங்குமம் என்பதைப் பொறுத்தது. மஞ்சளை எலுமிச்சைச் சாறு, படிகாரம், வெங்காரம் சேர்த்துச் சிவக்க வைத்தால் கிடைப்பது ஒன்று. வெறும் மாவில் சாயம் ஏற்றியது வேறு. அது நெற்றியைக் கறுக்கச் செய்வதுண்டு. வடநாட்டுச் சிந்தூரத்தில் ஈயச் செந்தூரம் கலப்பதும் உண்டு. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூ ஜெர்சிக் கடைகளிலிருந்தும் மும்பை, தில்லிக் கடைகளிலிருந்தும் எடுத்த 118 சிந்தூர மாதிரிகளைச் சோதித்து 2017இல் வெளியிட்டபோது, பெரும்பாலானவற்றில் ஈயம் இருந்தது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில், தவழும் பிள்ளை நெற்றியைத் தொட்டுக் கையை வாயில் வைக்கும் என்பதால் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். குழந்தைக்குக் கண்ணுக்குள் மை இடுவதையும் விட்டுவிடுங்கள். திருஷ்டிக்குக் கன்னத்தில் ஒரு பொட்டு போதும்.

2024 டிசம்பர் 18, காலை 9.00

திருமணத்துக்கு முன் முடியை நேராக்கலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: வேண்டாம். பல திரவங்களில் இருப்பது ஃபார்மால்டிஹைடு, அல்லது இஸ்திரி போலச் சூடு வைக்கும்போது அதை வெளியிடும் பொருள். கண் எரிச்சலும் இருமலும் அதனால்தான். ஃபார்மால்டிஹைடு இல்லை என்று விற்பவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கக்கூடும். 26 வயதுப் பெண் ஒருவருக்கு 2020, 2021, 2022 என மூன்று முறை அப்படி முடியை நேராக்கியபோது மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2024இல் பதிவு செய்திருக்கிறார்கள். புரதம் கசியும் சிறுநீரகத்தோடு இருக்கும் உங்கள் தங்கைக்கு இது கூடவே கூடாது.

2025 ஜனவரி 12, இரவு 9.45

புரதம் 'ஒரு பிளஸ்' ஆகக் குறைந்திருக்கிறது என்ற செய்தி எனக்கு இன்றைய நாளை நல்ல நாளாக்கிவிட்டது. கிரீமை நிறுத்தியதும் முகம் பழைய நிறத்துக்கே திரும்பிவிட்டது என்றும், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் அதைச் சொல்லிக் காட்டினார் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த நிறத்தில்தான் பெண் பார்த்தார்கள், அந்த நிறத்தில்தான் நிச்சயமானது என்று உங்கள் அப்பா பதில் சொன்னதைப் படித்து, அவரை நேரில் பார்த்துக் கைகூப்ப வேண்டும்போல இருந்தது.

2025 பிப்ரவரி 9, காலை 6.30

டப்பாவை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். சமையலறைக் குப்பையிலோ கழிவறையிலோ போடாதீர்கள். மூடியை இறுக்கி, இரண்டு பிளாஸ்டிக் உறைகளுக்குள் போட்டுக் கட்டி, பார்லரில் கொடுத்த ரசீது இருந்தால் அதையும் சேர்த்து, மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகாரோடு கொடுங்கள். ரசீது இல்லையென்றாலும் கொடுங்கள். அந்த பார்லருக்கு இந்தக் கிரீமை யார் கொண்டுவந்து தருகிறார்கள் என்பதை அவர்தான் தேட முடியும். உங்கள் தங்கைக்குத் தெரிந்து வேறு யாரெல்லாம் அங்கே வாங்கினார்கள் என்று கேட்டு, அவர்களையும் பரிசோதனைக்குப் போகச் சொல்லுங்கள்.

அம்மாவின் பரிசோதனையில் மிகச் சிறிய அளவில் புரதம் தெரிந்தது என்றீர்களே, அவர் பழைய தலையணையையே இன்னும் பயன்படுத்துகிறாரா? உறையை மட்டும் துவைத்தால் போதாது. தலையணைகளையும் தங்கை முகம் துடைத்த துண்டுகளையும் தனியே கட்டி வெளியே போட்டுவிடுங்கள். மாசி கடைசியில் அம்மாவுக்கு மறுபடியும் ஒரு முறை பார்த்துவிட்டு, வந்த அளவை இங்கே எழுதுங்கள்.